நங்கையும் பனிமலை லாரியும்

கேம் கன்ட்ரோலருக்குக் குங்குமம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஆயுதபூஜை அன்று காலை, மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அரிவாள்மணைக்கும் சுத்தியலுக்கும் என் கணவரின் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவே, அந்தக் கருப்பு கன்ட்ரோலர் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு தலையில் ஒரு மஞ்சள் செவ்வந்தியோடு உட்கார்ந்திருந்தது. வைத்தது நான் இல்லை, என் கணவரின் அக்கா. என் கணவரின் ஊரான ராமாபுரம் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கை என்பார்கள். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தச் சொல் என் வாயில் ஏறியது. குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துத் தாராளமாகவே வைத்திருந்தார் நங்கை. அது கட்டைவிரலால் திருப்பும் குமிழுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. பூஜை முடிந்து எடுத்து ஆடிப் பார்த்தால், டிவியில் லாரி இடது பக்கம் மட்டும்தான் திரும்பியது. "சாமி கும்பிட்டதுல வண்டிக்குப் பக்கவாதம் வந்துருச்சு" என்று என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நங்கை சிரிக்கவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு நான் ஆடும் கேம்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டியவள் கேம் ஆடுகிறாளா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆடுகிறேன், நன்றாகவே ஆடுகிறேன். தினமும் சாயங்காலம் சீரியல் பார்ப்பவர்களை யாராவது வயது கேட்கிறார்களா? ஒரு தனியார் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. போகவர பஸ்ஸில் ஃபோனில் ஆடுவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கைக்குள் அடங்கும் சின்ன மெஷினில். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில். மற்ற நாட்களில் சாயங்காலம் டிவியோடு இணைத்த கன்சோலில். ஒன்றில் இருக்கும் ருசி இன்னொன்றில் இருக்காது. ஃபோனில் வருகிறவற்றில் பாதி வெறும் பிடுங்கல். ஆடுவதற்கு முன் விளம்பரம், ஆடிய பின் விளம்பரம், நடுவில் கொஞ்சம் கேம். கைமெஷின்காரர்கள் அப்படி இல்லை, அவர்களுக்கு ஆடுகிறவரின் மேல் மரியாதை உண்டு. லேப்டாப்பில் கதை கேம்கள்தான் சரி. டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் ஏதாவது ஒன்றை ஓட்ட வேண்டும், காரோ குதிரையோ கப்பலோ. இதெல்லாம் என் தீர்ப்பு. மறுப்பவர்கள் என்னோடு உட்கார்ந்து ஆடிவிட்டு மறுக்கட்டும்.

நங்கை எங்களோடு வந்து தங்கியபோது அவருக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம். அவர் கணவர் தவறி வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ராமாபுரத்துக்கு வெளியே இருந்த காட்டில் மக்காச்சோளமும் மஞ்சளும் தனியாளாக நின்று விளைவித்தவர். ஆள் கிடைக்காமலும் உடம்பு ஒத்துழைக்காமலும் போனபோது, என் கணவர்தான் பிடிவாதமாக நிலத்தைக் குத்தகைக்கு விடச் சொல்லி அழைத்து வந்தார். அக்கா என்றால் அவருக்கு உயிர். அக்கா நிலத்தை நினைத்து ஏங்கிப் போவாரோ என்று அவருக்கு ஒரே கவலை. அதனால் எனக்கே தெரியாமல் ஒரு விவசாய கேமை வாங்கி கன்சோலில் போட்டு, கன்ட்ரோலரை அக்கா கையில் கொடுத்து, "உன்ற காடு மாதிரியே இருக்கும், ஆடிப் பாரு" என்றார். அந்த முகத்தில்தான் எத்தனை பெருமை!

சொல்லக்கூடாது, அது நல்ல கேம். பார்க்க அத்தனை அழகு. நானே அதில் ஒரு மாதம் பரங்கிக்காய் போட்டிருக்கிறேன். நங்கை ஒரு வாரம் ஆடினார். முதல் நாள் விதைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். ஏன் என்றால், திரையில் மேகம் தெரிகிறதாம், மழை வரட்டுமாம். அந்த கேமில் மேகம் என்பது சும்மா அலங்காரம். பயிர் வாடிப்போனது. அடுத்த முறை அறுவடை ஆனதும், விதைக்கு எடுத்து வைக்க எந்த பட்டன் என்று என்னைக் கேட்டார். அப்படி பட்டனே இல்லை, விதையைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாரக் கடைசியில் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தீர்ப்பு சொன்னார். "இதுல பன்னி வரல, ஆனை வரல, மோட்டாருக்குக் கரண்டு போகல. இது வெள்ளாமையே இல்லடா. அப்படியே இருந்தாலும் எனக்கெதுக்கு? இத்தன வருசம் ஆடுனது பத்தாதா? போதுஞ்சாமின்னுதான இங்க வந்தேன்." என் கணவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் குஷி. நிலத்தை விட்டு வந்தவர்கள் எல்லோரும் நிலத்தையே நினைத்து அழுதுகொண்டிருப்பார்கள் என்று யார் சொன்னது? நங்கை அழவில்லை. அவர் வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார்.

அதன் பிறகு நான் எதை ஆடினாலும் நங்கை பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். ஃபோனில் மிட்டாய்களை வரிசையாகச் சேர்த்து உடைக்கும் கேமைப் பார்த்துவிட்டு, "அரிசில கல்லுப் பொறுக்கறாப்பல இருக்குது. அதையாவது பொறுக்குனா சோறாக்கலாம்" என்றார். லேப்டாப்பில் நான் உருகி உருகி ஆடிய ஒரு கதை கேம். ஒருவன் மழையில் நனைந்தபடி தன் பழைய ஊரில் நடந்துகொண்டே இருப்பான், பின்னணியில் பிடில் அழும். நங்கை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு என்ன வெசனம் கண்ணு? ஒரு எடத்துல உக்காந்து சொல்ல மாட்டானா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கும் அவன்மேல் எரிச்சல் வந்துவிட்டது, முடிக்கவே இல்லை. கைமெஷினில் தாவித் தாவிப் போகும் கேமை மட்டும் அவரே ஆடினார். பள்ளத்தில் விழும்போதெல்லாம் "அய்யய்யோ" என்று தன் காலையும் தூக்கிக்கொள்வார். இந்தப் பேச்சுக்காகவே நான் ஆபீஸ் விட்டதும் ஓடி வருவேன். உண்மையைச் சொன்னால், கேம் பற்றிப் பேச எனக்கு வாய்த்த முதல் துணை நங்கைதான்.

ஆனால் பகல் முழுக்க அவர் என்ன செய்தார் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கே போக வேண்டுமானாலும் தம்பி கூட்டிப்போக வேண்டும். கன்னடம் தெரியும், பஸ் ஏறத் தெரியும், ஆனாலும் தம்பி விடமாட்டார். "நான் இருக்கறப்ப நீ எதுக்கு அலையறே? நான் கூட்டிட்டுப் போறேன்" என்பார். ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையிலேயே நல்ல சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் நங்கை. தம்பிக்கு வேலை வந்துவிட்டது. மதியம் வருகிறேன் என்றார், பிறகு நாளைக்கு என்றார். நான் சாயங்காலம் வந்தபோதும் அவர் அதே சேலையில் இருந்தார். பம்புசெட்டைத் தனியாகக் கழற்றி மாட்டியவர், ஆனை வரும் காட்டுக்குப் பந்தம் பிடித்துக் காவல் போனவர், ஸ்கூட்டரின் பின்சீட்டுக்காகக் காத்துக்கிடந்தார். என் கணவர் கெட்டவர் இல்லை, அதுதான் இதில் பெரிய இம்சை. கெட்டவரென்றால் நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அந்த நாட்களில்தான் லாரி கேம் வந்தது. எங்கோ ஒரு குளிர்நாட்டில், பனி மூடிய மலைப்பாதையில் சரக்கு லாரி ஓட்டுவது. அவ்வளவுதான் கேம். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை, சரக்கை ஊர் சேர்க்க வேண்டும். எனக்கு அது பிடிக்காது என்று நினைத்திருந்தேன்; இந்த இரண்டு வருடத்தில் நான் ஆடியதிலேயே சிறந்தது அதுதான் என்று இப்போது அடித்துச் சொல்வேன். நங்கை கன்ட்ரோலரை வாங்குவதற்கு முன் செருப்பைக் கழற்றி வைத்தார். சின்ன வயதிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் எப்போதும் டிரைவருக்கு எதிர்ப்பக்க முன்சீட்டில்தான் உட்காருவாராம், அவர் கையையே பார்த்துக்கொண்டு வருவாராம். அன்றுதான் எனக்கு அதைச் சொன்னார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் நீளமாக ஹாரன் அடித்தார். எதிரே ஒரு வண்டியும் இல்லை என்று நான் சொன்னதற்கு, "வளைவுல ஆரன் அடிக்காதவன் என்ன டிரைவர்?" என்றார். அந்த ஊரில் வலது பக்கம் ஓட்ட வேண்டும். நங்கை இடது பக்கம்தான் ஓட்டுவேன் என்று எதிரே வந்த எல்லோரையும் இடித்தார். லாரி உருண்டு பள்ளத்தில் விழுந்தது. திரை ஒரு நொடி இருண்டு, மறுபடி லாரி சாலையில் அழகாக நின்றது. நங்கை திரையையே பார்த்தார். "ஒருத்தரும் திட்டல பாரு" என்றார். மறுபடி ஓட்டினார், மறுபடி விழுந்தார். ஒரு மாதத்தில் பனிப்பாதையில் என்னைவிடச் சுத்தமாக ஓட்டினார்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, மிகச் சாதாரணமாக, "நான் நெசமாவே வண்டி ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கேன்" என்றார். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கேம் வேற, ரோடு வேற" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

இப்போது ஆயுதபூஜைக்கு வருகிறேன். தசரா விளக்குகளால் ஊரே ஜொலிக்கிறது. தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டிகள் வாழைக்கன்று கட்டி நிற்கின்றன, ஆட்டோக்களின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். எங்கள் வீட்டில் கன்ட்ரோலர் குங்குமத்தோடு மக்கர் செய்கிறது, என் கணவர் சிரிக்கிறார். நங்கை அதை வாங்கி முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார். "சிரிக்காத. உனக்கு அது வெளையாட்டுச் சாமான். எனக்கு இல்ல. இந்த ஊட்டுல என்ற கையில கெடைச்ச ஒரே ஆயுதம் இதுதான், அதான் பொட்டு வெச்சேன்." என் கணவர், "உனக்கு நான் என்னக்கா கொறை வெச்சேன்?" என்று கேட்டார். "ஒரு கொறையும் வெக்கல தம்பி. ராசாத்தியாட்டம் வெச்சிருக்கற. ஆனா நீ கூட்டிட்டுப் போனாத்தான் நான் போவோணும். எனக்கு நானா போவோணும்." அவர் அதற்கு, அக்காவைச் சோற்றுக்கு இல்லாமல் வண்டி ஓட்ட விட்டுவிட்டான் என்று சொந்தபந்தம் ஒறம்பரை எல்லாம் பேசும், ஊரில் தலைகாட்ட முடியாது என்றார். "பேசட்டும். பேசறவிய வந்து என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?" என்றார் நங்கை.

விஜயதசமிக்கு நல்ல காரியம் ஆரம்பிப்பார்களே, அன்று நங்கையை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டு வந்தது நான்தான். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேம் ஆடினால் வண்டி ஓட்ட வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வராது. கிளட்ச் என்ற ஒன்று இருப்பதே நங்கைக்குத் தெரியாது. கேமில் லாரியின் முதுகைப் பார்த்தே ஓட்டிப் பழகியவர், உள்ளே உட்கார்ந்ததும் வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியாமல் திண்டாடினார். முதல் வாரமே பயிற்சி மைதானத்தில் நட்டிருந்த கம்பத்தில் கொண்டுபோய் இடித்தார். இடித்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி நிதானமாக உட்கார்ந்திருந்தார். சொல்லிக் கொடுப்பவர் கன்னடத்தில், "ஏனம்மா, சினிமா நோட்தா இதீரா?" என்று கத்தினார், என்ன, சினிமா பார்க்கிறீர்களா என்று. அதை என்னிடம் சொல்லும்போது நங்கைக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. "தானா ரோட்டுக்கு வந்து நின்னுக்குமுன்னு ஒரு நொடி உக்காந்துட்டேன் கண்ணு. அப்புறந்தான் ஒறைச்சுது, ரிவர்ஸ் நாமதான் போடோணும்னு."

அந்த ஆள் திட்டிய திட்டை நான் வாங்கியிருந்தால் மறுநாள் போயிருக்க மாட்டேன். நங்கை போனார். "காசு குடுத்துத் திட்டு வாங்கறேன், வாங்குன வரைக்கும் லாபம்" என்பார். கேம் அவருக்குக் கற்றுத் தந்தது ஓட்டுவதை அல்ல. விழுந்தாலும் மறுபடி எடுக்கலாம் என்ற எண்ணத்தைத்தான். வாழ்க்கையில் அதுவரை அவருக்கு அப்படி ஒரு இடம் கிடைத்ததில்லை. பயிரில் ஒரு முறை தப்பினால் ஒரு வருடம் போச்சு. லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை பின்பக்கமாக எடுக்கும்போது கோட்டைத் தாண்டிவிட்டார். என் கணவர் அன்று, "சரி, ஆசை தீந்துச்சுல்ல, விடு" என்றார், கொஞ்சம் நிம்மதியாகவே. நங்கை மறுபடி தேதி வாங்கினார். அடுத்த தடவை கம்பங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் செருகி நிறுத்தியபோது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த நான் விசிலடித்தேன். ஆமாம், விசிலடித்தேன். இன்ஸ்பெக்டர் திரும்பி முறைத்தார், பரவாயில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. நங்கை ஒரு பழைய சரக்கு வண்டி வாங்கினார், எல்லோரும் குட்டியானை என்பார்களே, அது. மண்டி மொஹல்லாவின் மொத்த வியாபாரக் கடைகளிலிருந்து அரிசியும் பருப்பும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு நஞ்சன்கூடு பக்கத்து மளிகைக் கடைகளில் இறக்க ஆரம்பித்தார். முதலில் கடைக்காரர்கள் தயங்கினார்கள். நங்கை மூட்டைகளை ஏற்றச் சொல்லும் விதத்தைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியே போனார். கோபித்துக்கொண்டு அல்ல, விடியற்காலையில் வண்டி எடுக்க வசதி என்றார். கோபித்துக்கொண்டது தம்பிதான். பேச்சை நிறுத்தவில்லை, பண்டிகைக்குப் பண்டிகை துணி எடுத்துக்கொண்டு போவார், சாப்பிட்டுவிட்டு வருவார். ஆனால் அந்த வண்டியில் மட்டும் ஏறமாட்டார். "ஏறு, உட்டுட்டுப் போறேன்" என்று நங்கை கூப்பிட்டால், "இந்தா இருக்கற தூரத்துக்கு எதுக்கு" என்று வெயிலில் விடுவிடுவென்று நடந்து வருவார். வண்டியைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். இதில் எனக்கும் அவருக்கும் பலமுறை முட்டிக்கொண்டது. நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அவரும் இல்லை.

இப்போது சாயங்காலங்களில் நான் தனியாகத்தான் ஆடுகிறேன். கன்சோலில் ஒரு குதிரை கேம், படம் பிரமாதம், கதை அரதப்பழசு. ஃபோனில் சதுரங்கம் மாதிரி ஒன்று, விளம்பரம் இல்லாத அபூர்வம், அதற்காகவே கும்பிடலாம். லேப்டாப்பில் ஒரு கொலைவழக்கு கேம்; குற்றவாளி யார் என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பேச ஆள்தான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து "இவனுக்கு என்ன வெசனம்" என்று கேட்க ஆள் இல்லாமல் கேம் ஆடுவது, உப்பில்லாத உப்புமா. நங்கை இந்த வீட்டில் காத்துக்கிடந்த நாட்களில் எனக்கு ஓர் அருமையான துணை இருந்தார் என்பதும் உண்மை, அந்த நாட்கள் திரும்பி வரவே கூடாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கைமெஷினில் ஒரு புதிய கேமை ஆடி முடித்தேன். ஆற்றில் ஆட்களை அக்கரையில் கொண்டுபோய் விடும் ஒரு படகுக்காரியின் கதை. ஆடும்போதே தெரிந்தது, இது நங்கைக்குப் பிடிக்கும் என்று. நீரோட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போடும் இடத்தில் கைமெஷினோடு சேர்ந்து அவரும் சாய்வார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். என் கணவர் காலையிலேயே நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பியிருந்தார், ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது. மத்தியானம் வரைக்கும் பொறுக்க முடியாமல் நங்கைக்கு ஃபோன் செய்தேன். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்ததும் வண்டிச் சத்தம்தான் முதலில் கேட்டது.

"நங்கை, ஒரு கேம் ஆடினேன், நீங்க கட்டாயம் பார்க்கணும்" என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தேன்.

"அக்கா வண்டி ஓட்டிட்டு இருக்கா" என்றது என் கணவரின் குரல். "ஓட்டறப்ப பேச மாட்டா. அப்பறமாக் கூப்புடு."

வைத்துவிட்டார்.